காற்றும் இரத்தமும் சந்திக்கும் இடம்

நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும் வைரஸ் நோய்களில், நோயாளி இடைவிடாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகிறது. உள்ளே வரும் காற்று நுரையீரலின் ஒரு பகுதிக்கும், இதயம் அனுப்பும் இரத்தம் வேறொரு பகுதிக்குமாகச் சென்று இரண்டும் சந்திக்காமல் போவதே இதற்கு முதன்மையான காரணம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலை தில்லியைத் தாக்கியபோது நகரம் முழுவதும் ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி அலைந்தது. ஏப்ரல் 20 அன்று மட்டும் அங்கே 28,395 பேருக்குத் தொற்று உறுதியானது. நாளொன்றுக்கு 700 டன் ஆக்சிஜன் வேண்டும் என்று தில்லி அரசு கேட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆக்சிஜன் கிடைத்தால் பிழைக்கலாம் என்ற எண்ணம் அந்த நாட்களில் எல்லோர் மனத்திலும் ஆழப் பதிந்தது. அது உண்மையின் ஒரு பாதி. மறுபாதி சுவாசத்தின் உடலியலில் இருக்கிறது, அதைப் பற்றி அப்போது மருத்துவமனைகளுக்கு வெளியே மிகக் குறைவாகவே பேசப்பட்டது.

தலைநகரின் தமிழ்க் குடியிருப்புகளில் ஒன்றான மதராசி கேம்ப், ஜங்புரா பகுதியில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்தது. தமிழ்நாட்டின் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தார்கள். பெண்களில் பலர் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்தவர்கள். தில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன, 189 குடும்பங்கள் மட்டுமே நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியானவை எனக் கண்டறியப்பட்டன. சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள் நிறைந்த இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை நோய் தாக்கினால், நோயாளியைத் தனி அறையில் வைப்பது பெரும்பாலும் இயலாது, அவரை எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது என்பதை வீட்டாரே முடிவு செய்ய வேண்டியிருக்கும். கையில் கருவிகள் குறைவாக உள்ள இடத்தில்தான் உடலியல் அறிவின் பயன் மிகுதி. ஆகவே, தீவிர சிகிச்சைப் பிரிவின் இயந்திரங்களைப் போலவே ஒரு குறுகிய அறையில் என்ன செய்ய முடியும் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகிறது.

மனித நுரையீரலில் 30 கோடி முதல் 50 கோடி வரையிலான நுண்ணறைகள், அதாவது காற்று நிரம்பும் மிகச் சிறிய பைகள், இருக்கின்றன. அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். மதராசி கேம்ப் போன்ற குடியிருப்புகளின் வீடு எதுவும் அவ்வளவு பரப்பு உடையதன்று. ஒவ்வொரு நுண்ணறையையும் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலையாகச் சூழ்ந்திருக்க, காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே அரை மைக்ரானுக்கும் குறைவான, அதாவது ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கினும் மெல்லிய, ஒரு தடுப்பு மட்டுமே நிற்கிறது. ஓய்வாக இருக்கும் மனிதரின் இரத்தச் சிவப்பணு ஒன்று இந்தத் தந்துகியைக் கடக்க ஏறத்தாழ முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் நிரம்புவதற்கோ கால் விநாடி போதும். மீதமுள்ள அரை விநாடி, உடல் கையிருப்பாக வைத்திருக்கும் நேரம்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடு. கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ள காற்று மூச்சுக்குழலில் ஈரமாகி, நுண்ணறையில் கார்பன் டை ஆக்சைடுடன் இடத்தைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு, ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டராகக் குறைகிறது. (கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள தில்லியில் இது சுமார் நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்.) இந்த அழுத்தத்தில் இரத்தத்தின் ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் ஏறக்குறைய முழுவதுமாக நிரம்பிவிடுகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத் தாங்கும் என்பதால், 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ள 100 மில்லிலிட்டர் இரத்தம் சுமார் 20 மில்லிலிட்டரைச் சுமக்கிறது. இரத்தத்தின் திரவப் பகுதியில் கரைந்து செல்வதோ வெறும் 0.3 மில்லிலிட்டர். இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் கொண்டால் பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

ஹீமோகுளோபின் நிரம்பும் விதம் நேர்கோடாக அமைவதில்லை. அழுத்தம் 100 மில்லிமீட்டரிலிருந்து 60-க்கு இறங்கினாலும் நிறைவு 97 அல்லது 98 விழுக்காட்டிலிருந்து 90-க்கு மட்டுமே இறங்குகிறது. அதற்குக் கீழே கோடு செங்குத்தாகச் சரிந்து, 40 மில்லிமீட்டரில் நிறைவு 75 விழுக்காடாகிவிடுகிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 94 காட்டும்போது வீட்டார் நிம்மதி கொள்வதும், அதே எண் 89 ஆனவுடன் மருத்துவர் பதறுவதும் இந்த வளைவின் வடிவத்தால் நேர்வன. மேல்தளத்தில் நிற்கும் நோயாளி நெடுநேரம் நிலையாகத் தோன்றுவார். விளிம்பைக் கடந்தபின் அரை நாளில் நிலைமை கைமீறும்.

கொரோனா வைரஸ் நுண்ணறைக்குள் இறங்கும்போது அது பற்றிக்கொள்ளும் செல்களில் முக்கியமானவை இரண்டாம் வகைச் செல்கள். நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் வழுவழுப்பான படலத்தைச் சுரப்பது இந்தச் செல்களின் வேலை. சேதமடைந்த சுவரைப் பழுதுபார்க்கப் புதிய செல்களாக மாறுவதும் இவையே. காப்போனையே முதலில் தாக்கும் நோய் என்று இதைச் சொல்லலாம். படலம் குறைய நுண்ணறைகள் மடிகின்றன; அழற்சியால் தந்துகிகள் கசிந்து, புரதம் கலந்த நீர் மீதமுள்ள நுண்ணறைகளை நிரப்புகிறது. டென்வர் நகரில் ஆஷ்பாவும் அவருடைய சகாக்களும் 12 நோயாளிகளில் இந்த நிலையைக் கண்டு 1967-ல் விவரித்தார்கள். கடும் சுவாசக் கோளாறு நோய்க்குறி என்று மருத்துவ நூல்கள் அழைக்கும் இந்நிலை, வைரஸ் எதுவாக இருந்தாலும், 2009-ன் பன்றிக் காய்ச்சலானாலும் கொரோனாவானாலும், முடிவில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

நீர் நிரம்பிய நுண்ணறைக்குக் காற்று வருவதில்லை, ஆனால் அதைச் சுற்றி இரத்தம் ஓடுகிறது. அந்த இரத்தம், உடலைச் சுற்றி வந்தபோது எவ்வளவு ஆக்சிஜனை இழந்திருந்ததோ அதே குறையுடன் இதயத்தின் இடப்பக்கத்தை அடைந்து, நல்ல பகுதியிலிருந்து வரும் நிறைந்த இரத்தத்துடன் கலந்துவிடுகிறது. உடலியலில் இதற்குப் புறவழி ஓட்டம் என்று பெயர். பாதி இரத்தம் இப்படிப் புறவழியே சென்றால், 75 விழுக்காடு நிறைவுள்ள பாதியும் முழு நிறைவுள்ள பாதியும் கலந்து 87 அல்லது 88-ல் நிற்கும். இப்போது நோயாளிக்குத் தூய ஆக்சிஜனைக் கொடுத்தால் என்ன ஆகும்? அது நல்ல நுண்ணறைகளுக்கு மட்டுமே செல்லும். அங்கே ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, கரைந்து செல்லும் ஆக்சிஜனில் மட்டும் 100 மில்லிலிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிலிட்டர் வரை கூடும். அடைபட்ட பகுதிக்குள் ஒரு துளியும் போகாது. காற்று ஓரளவு குறைந்து வரும் பகுதிகளில் ஆக்சிஜன் பெரிதும் உதவுகிறது, காற்றே வராத பகுதிகளில் ஏறத்தாழ உதவுவதில்லை. சிலர் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜனில் தேறியதும் வேறு சிலர் 60 லிட்டரிலும் தேறாததும் பெரிதும் இதனால்தான்.

உடலுக்கு இதற்கென ஒரு தற்காப்பு உண்டு. ஆக்சிஜன் குறைந்த நுண்ணறைகளுக்குச் செல்லும் சிறு தமனிகள் தாமே சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும். 1946-ல் வான் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டறிந்தார்கள். கடும் அழற்சி இந்தத் திருப்பத்தை மழுங்கடிக்கிறது என்பதும், கொரோனாவில் தந்துகிகளுக்குள்ளே நுண்ணிய இரத்தக் கட்டிகள் உருவாகின்றன என்பதும் சிக்கலை இரட்டிப்பாக்குகின்றன. கட்டி அடைத்த இடத்தில் காற்று வரும், இரத்தம் வராது. முன்னதற்கு நேர் எதிரான வீண். மருத்துவமனையில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசி போடப்பட்டதற்கு இந்தக் கட்டிகளே காரணம்.

கார்பன் டை ஆக்சைடு இதற்கு மாறாக நடந்துகொள்கிறது. நல்ல பகுதியில் சற்று வேகமாக மூச்சுவிட்டாலே, அடைபட்ட பகுதியில் தேங்கியதையும் சேர்த்து வெளியேற்றிவிடலாம், ஏனெனில் இரத்தம் அதைச் சுமக்கும் கோடு தட்டையாகாமல் ஏறக்குறைய நேராகச் செல்கிறது. மூச்சுத்திணறல் என்ற உணர்வை எழுப்புவதில் பெரும்பங்கு இந்த வாயுவுடையது. மூளையின் முகுளம் அதன் சிறு உயர்வையும் கண்டுகொள்கிறது. ஆக்சிஜன் குறைவை உணர்வதோ கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள, அரிசி மணியளவேயான ஒரு திசுவின் பொறுப்பு. பங்கு அழுத்தம் 60 மில்லிமீட்டருக்கு அருகில் இறங்கும் வரை அது பெரிதாகக் கூச்சலிடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடு தாழ்ந்திருந்தால் அதன் குரல் மேலும் அடங்கிவிடும். முதுமையிலும் நீரிழிவிலும் இந்த எதிர்வினை குன்றுகிறது என்பதைச் சுவாச மருத்துவர் மார்ட்டின் டோபின் 2020-ல் சுட்டிக்காட்டினார். ஆகவே ஆக்சிமீட்டர் 80 காட்டும்போதும் செல்பேசியில் பேசிக்கொண்டிருந்த நோயாளிகளைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தது புதிராகத் தோன்றினாலும், நூறாண்டுப் பழமையான உடலியலுக்குள் அடங்குவதே. ஓசையில்லாத ஆக்சிஜன் குறைவு என்று அது பெயர் பெற்றது. மூச்சு வாங்கவில்லையே என்று வீட்டார் காத்திருந்த ஒவ்வொரு நாளும் இந்தக் குறைவு வளர்ந்த நாள்.

இதனால்தான் ஆக்சிமீட்டர் காட்டும் எண் இன்றியமையாததாயிற்று. வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்குத் தில்லி அரசு 2020 ஜூனிலிருந்து ஆக்சிமீட்டர்களை இரவலாக வழங்கியது. நிஹோன் கோடன் நிறுவனத்தின் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1974-ல் கண்டறிந்த கோட்பாட்டின்படி இயங்கும் இக்கருவி, சிவப்பு ஒளியையும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, துடிப்புடன் மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து நிறைவைக் கணக்கிடுகிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதன் குறை ஒன்றை அம்பலப்படுத்தியது: கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில் உண்மை நிறைவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. கருநிறம் இயல்பான தமிழர்களுக்கு இது பொருட்படுத்தத் தக்க செய்தி. ஒற்றை எண்ணை நம்புவதைவிட, அதே மனிதரின் அதே விரலில் காலையும் மாலையும் எண் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது பாதுகாப்பானது. குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் தரும் பிழைகளைச் சற்றுக் கவனத்தால் தவிர்க்கலாம்.

எய்ம்ஸ் மருத்துவமனையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2021 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டலில், நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சுகளோ 90 முதல் 93 வரையிலான நிறைவோ இருந்தால் மிதமான நோய் என்றும், 30-க்கு மேற்பட்ட மூச்சுகளோ 90-க்குக் கீழான நிறைவோ இருந்தால் கடுமையான நோய் என்றும் வகுக்கப்பட்டது. மூச்சை எண்ணுவதற்கு ஒரு கடிகாரம் போதும். நோயாளிக்குத் தெரியாமல் மார்பு உயர்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். ஆறு நிமிட நடை இன்னும் நுட்பமான சோதனை. நடக்கும்போது இதயம் வேகமெடுப்பதால் சிவப்பணு தந்துகியில் தங்கும் நேரம் முக்கால் விநாடியிலிருந்து கால் விநாடியை நோக்கிச் சுருங்குகிறது; தடித்த சுவர் வழியே ஆக்சிஜன் ஊடுருவ அந்த நேரம் போதாது; ஓய்வில் மறைந்திருந்த குறை அப்போது எண்ணில் வெளிப்படுகிறது. சந்து குறுகியதானால் ஓரிடத்திலேயே நின்று கால் மாற்றி நடந்தாலும் ஓரளவு பயன் கிடைக்கும். நடை முடிவில் எண் மூன்று, நான்கு புள்ளிகள் சரிந்தால், அல்லது 94-க்குக் கீழ் இறங்கினால், அதுவே மருத்துவமனையை நாட வேண்டிய வேளை.

உடலியல் தந்த மிக மலிவான சிகிச்சை குப்புறப் படுத்தல். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப்புறம் அமைந்திருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது நீர் ஏறிக் கனத்த நுரையீரலின் எடையும், இதயத்தின் எடையும், வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளும் விசையும் முதுகுப்புறத்தின் மேலேயே விழுந்து அந்தப் பெரும்பகுதியை மடித்துவிடுகின்றன. குப்புறப் படுத்தால் இதயம் மார்பெலும்பின் மேல் அமர்கிறது, முதுகுப்புற நுண்ணறைகள் திறக்கின்றன. இரத்தமும் புவியீர்ப்பைப் பின்பற்றி முன்புறம் இறங்கிவிடாதா என்ற கேள்வி இயல்பானது; நுரையீரலின் இரத்தக் குழாய்கள் கிளைக்கும் அமைப்பின் காரணமாக, எப்படிப் படுத்தாலும் இரத்தத்தின் பெரும்பங்கு முதுகுப்புறமாகவே ஓடுகிறது. அதாவது, இரத்தம் இருந்த இடத்தில் இருக்க, காற்று அதைத் தேடி வந்து சேர்கிறது. வென்டிலேட்டரில் இருந்த 466 கடும் நோயாளிகளை வைத்து குவேரின் தலைமையில் நடந்து 2013-ல் வெளியான பிரான்சு, ஸ்பெயின் மருத்துவமனைகளின் ஆய்வில், நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 16 விழுக்காடு. மல்லாந்து இருந்தோரில் 32.8 விழுக்காடு. தீவிர சிகிச்சையில் ஒரு தலையீடு சாவைப் பாதியாகக் குறைப்பது மிக அரிது, அதுவும் செலவில்லாமல்.

விழித்திருக்கும் நோயாளிக்கும் இது பொருந்தும் என்பதால், மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஏப்ரலில் வீட்டில் செய்யக்கூடிய முறையை விளக்கப்படமாக வெளியிட்டது: கழுத்துக்குக் கீழ் ஒரு தலையணை, மார்பிலிருந்து மேல்தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழ் இரண்டு. நாலைந்து தலையணைகள் இல்லாத வீட்டில் மடித்த போர்வையும் பழைய புடவையும் அதே வேலையைச் செய்யும். உணவுக்குப் பின் ஒரு மணி நேரமும், கர்ப்ப காலத்திலும், கடும் இதய நோயிலும், முதுகெலும்பு அல்லது தொடையெலும்பு முறிவிலும் இதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. விழித்திருப்போரிடம் குப்புறப் படுத்தல் மூச்சுக்குழாய் பொருத்தும் தேவையைக் குறைக்கிறது என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவ்வாண்டே காட்டின. மருத்துவமனைக்கு மாற்றாக இது அமையும் என்று எதுவும் காட்டவில்லை. படுக்கை கிடைக்கும் வரையிலான மணிநேரங்களைக் கடக்க உதவும் முறை அது.

ஆக்சிஜனின் கணக்கும் உடலியலோடு சேர்ந்ததே. மூக்கில் பொருத்தும் உயர் ஓட்டக் கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் தூய ஆக்சிஜனைத் தள்ளும்போது, 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தீர்ந்துவிடும்; ஒரே நோயாளிக்கு நாளொன்றுக்கு 12 சிலிண்டர்கள். எனவே பெரிய மருத்துவமனைகள் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவ ஆக்சிஜனைத் தொட்டியில் வைத்து ஆவியாக்கிக் குழாயில் அனுப்புகின்றன. தில்லிக்கென்று பெரிய உற்பத்தி ஆலை இல்லாததால், கிழக்கு இந்தியாவின் எஃகு ஆலைகளிலிருந்து டேங்கர்கள் ரயிலேறி வரவேண்டியிருந்தது. மே 1 அன்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆக்சிஜன் இல்லாமற்போனதில் 12 நோயாளிகள் இறந்ததாகத் தெற்குத் தில்லியின் பத்ரா மருத்துவமனை தெரிவித்தது. ஒரு மணி நேரம் ஏன் அவ்வளவு கொடியது? நலமான மனிதரின் உடல் முழுவதிலும், நுரையீரல், இரத்தம், தசை எல்லாம் சேர்த்து, இருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். செலவோ நிமிடத்துக்குக் கால் லிட்டர். நோயில் நுரையீரல் சுருங்கிக் கையிருப்பும் குறைகிறது, காய்ச்சலும் மூச்சுழைப்பும் செலவைக் கூட்டுகின்றன. உணவையும் நீரையும்போல் ஆக்சிஜனை உடல் சேமித்து வைப்பதில்லை. குழாயின் அழுத்தம் சரிந்தால் சில நிமிடங்களுக்குள் அது மூளையையும் இதயத்தையும் எட்டிவிடும்.

அதே வேளையில், தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுப்பதும் தீங்கானது. நுண்ணறையைத் திறந்து வைத்திருக்கும் நைட்ரஜனை அது துரத்திவிட, உள்ளிருந்த ஆக்சிஜன் முழுவதும் இரத்தத்தில் உறிஞ்சப்பட்டு நுண்ணறை மடியலாம். 92 முதல் 96 வரை என்ற இலக்கு இதனால் வகுக்கப்பட்டது, நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை. பற்றாக்குறை நாட்களில் 99-ஐப் பார்த்து மகிழ்ந்த ஒவ்வொரு படுக்கையும் பக்கத்துப் படுக்கையின் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது என்று சொல்வது கடுமையாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

வென்டிலேட்டரின் வரலாறும் ஒரு வைரஸ் நோயில் தொடங்குகிறது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்களை முறைவைத்து அமர்த்திக் கையாலேயே பையை அழுத்திக் காற்றூட்டச் செய்தார். போலியோவில் செயலிழந்தவை நரம்பும் தசையும். நுரையீரல் நலமாக இருந்ததால் காற்றைத் தள்ளினாலே போதுமானதாயிற்று. கொரோனாவில் நோயுற்றிருப்பது நுரையீரலேயானதால், தள்ளும் காற்றே அதைக் கிழிக்கவும் கூடும். வளர்ந்தவரின் மார்பில் எஞ்சியிருக்கும் நல்ல நுரையீரல் ஒரு குழந்தையின் நுரையீரலளவே என்று இத்தாலியின் கட்டினோனி காட்டியது இதைப் புரிந்துகொள்ள உதவியது. 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், எடைக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்றூட்டப்பட்டவர்களில் 39.8 விழுக்காட்டினரும் 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தார்கள்.

இங்கே எடை என்பது தராசு காட்டும் எடை அன்று, உயரத்திலிருந்து கணக்கிடப்படுவது. நுரையீரலின் அளவை உயரமே தீர்மானிக்கிறது, உடற்பருமன் அதைக் கூட்டுவதில்லை. நம் பெண்களில் பலருடைய உயரமான 150 சென்டிமீட்டருக்கு அந்தக் கணக்கு 43 கிலோ என்று தரும். அதன்படி ஒரு மூச்சுக்கு 260 மில்லிலிட்டர் போதும். உயரத்தை அளக்காமல் வழக்கமாகப் பேசப்படும் அரை லிட்டரை அவருக்குத் தள்ளினால், கிலோவுக்கு ஏறக்குறைய 12 மில்லிலிட்டராகி, ஆய்வில் அதிகம் பேர் இறந்த பிரிவுக்கு அவர் போய்ச் சேர்கிறார். நெருக்கடியில் படுக்கையோரமாக ஓர் அளவுநாடா செய்யக்கூடிய வேலை இது, பல நேரங்களில் அதற்கு நேரம் கிடைத்திருக்காது. மூச்சு வெளியேறும் முடிவில் சிறிது அழுத்தத்தை விட்டுவைத்து நுண்ணறைகள் மூடாமல் காப்பதும் இதோடு சேர்ந்தது. இயந்திரம் இல்லாமல் தாமே வலிந்து ஆழமாக மூச்சிழுக்கும் நோயாளியும் தம் நுரையீரலைத் தாமே காயப்படுத்திக்கொள்ளக்கூடும் என்ற கருத்து 2020-ல் பெரிதும் விவாதிக்கப்பட்டது. குழாய் பொருத்துவதை எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்பதில் மருத்துவர்கள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

மருந்துகளில் ஒன்று இந்த உடலியலோடு நேராகப் பொருந்துகிறது. 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரெக்கவரி ஆய்வு, நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தோரின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றோரின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததாகவும், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனளிக்கவில்லை என்றும் அறிவித்தது. தொடக்க நாட்களில் வைரஸ் பெருகுகிறது, இரண்டாம் வாரத்தில் உடலின் சொந்த அழற்சியே நுரையீரலைத் தாக்குகிறது என்பதால், அழற்சியை அடக்கும் மருந்து முன்னதில் தீங்கு, பின்னதில் நன்மை. ஆக்சிமீட்டரின் எண்ணே இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடாயிற்று. காய்ச்சலின் முதல் நாளே ஸ்டீராய்டு விழுங்கிய வழக்கமும் நீரிழிவும் சேர்ந்து, 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை நோய் நாடெங்கும் பெருகக் காரணமாயின.

பிழைத்தவர்களின் நுரையீரலில், எஞ்சிய இரண்டாம் வகைச் செல்கள் பெருகி, தட்டையான முதலாம் வகைச் செல்களாக மாறிச் சுவரைப் புதுப்பிக்கின்றன. கசிந்த நீர் வடிந்து, சிலரிடம் தழும்பு எஞ்சுகிறது. இது வாரங்கள் எடுக்கும், கடும் நோயில் மாதங்கள். அந்தக் காலத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிமீட்டர் 97 காட்டலாம். உழைப்பில் சிவப்பணு தந்துகியைக் கடக்கும் வேகம் கூடியவுடன் எண் 90-க்கு வரக்கூடும். வீடு வீடாகப் படியேறித் தரை துடைத்துப் பாத்திரம் கழுவும் பெண்ணை வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லுமுன் மருத்துவர் பார்க்க வேண்டியது, இரண்டு மாடி ஏறி இறங்கிய மறுநிமிடம் அவர் விரலில் தெரியும் எண்ணை.